பழைய காரும் பழுதுச் செலவும்

“சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்” என்பது நம் முன்னோர் வாக்கு. வாசலில் நிற்கும் பழைய காரைப் பழுதுபார்க்கக் கொடுத்துச் செலவுச் சீட்டைக் கையில் வாங்கும் எவருக்கும் இப்பழமொழி நினைவிற்கு வராமற் போகாது. அவருக்கு வராவிட்டாலும் அண்டை அயலார் நினைவூட்டத் தவறுவதில்லை. “விற்றால் 40,000 ரூபாய்கூடத் தேறாத வண்டிக்கு 18,000 ரூபாய் செலவா? யாரேனும் இப்படிச் செய்வார்களா?” என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் அக்கேள்வியே தவறானது என்பதை நாம் பட்டறிந்தோம். 18,000 ரூபாய் கேட்டபோது அந்தக் காரைப் பழுதுபார்த்தோம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அதிற் பாதித் தொகையில் ஓட வைக்கலாம் என்று சிலர் கூறியபோது அதே காரைக் கைவிட்டோம். செலவு மிகுந்தபோது காத்தோம்; செலவு குறைந்தபோது விட்டோம். இது முரண்பாடாகத் தோன்றலாம். முரண்பாடு அன்று என்பதை வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார் வைத்திருப்போர் எல்லாரும் செல்வந்தர் அல்லர். நம்மிற் பலர் ஓய்வுத் தொகையிலிருந்தோ, மாதத் தவணையிலோ, வாழ்நாளில் ஒரே ஒரு முறை கார் வாங்குகிறவர்கள். முதியோரை மருத்துவமனைக்கும், குடும்பத்தாரை ஆலயத்திற்கும், திருமண வீட்டிற்கும், துக்க வீட்டிற்கும் அழைத்துச் செல்வது அந்த ஒரு வண்டியே. ஆகவே, அதை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பது ஒரு குடும்பத்திற்குச் சிறிய கேள்வி அன்று.

தந்தையார் வாங்கிய கார்

நாம் குறிப்பிடும் கார் 2003ஆம் ஆண்டு நவம்பரில் நம் இல்லத்திற்கு வந்தது. பெட்ரோலில் ஓடும் சிறிய கார். தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தார். திண்டுக்கல்லில் நாம் குடியிருந்த தெருவில் அப்போது கார்கள் மிகச் சில.

தந்தையாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காருக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த தொகை ஆகிய நான்கையும் ஒன்றுவிடாமல் அதில் எழுதுவார். எண்ணெய் மாற்றியது முதல் முகப்பு விளக்கின் பல்பு மாற்றியது வரை அதில் உண்டு. “இதென்ன, பிள்ளையின் தடுப்பூசி அட்டையா?” என்று அன்னையார் கேலி செய்வார். 2015ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தபின் அக்குறிப்பேட்டில் எழுதும் கடமை நம்மிடம் வந்தது. பிற்காலத்தில் நமக்கு வழிகாட்டியதும் அந்தக் குறிப்பேடுதான்.

வாடிப்பட்டி அருகே

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், மதுரையிலுள்ள மருத்துவமனைக்கு அன்னையாரை அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். மாதம் ஒருமுறை செல்லும் பயணம் அது. கொடைரோட்டைத் தாண்டி வாடிப்பட்டியை நெருங்கும்போது வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி எழும்பியது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம். நண்பகல் வெயில், அருகே நிழல் இல்லை. எழுபது வயதைக் கடந்த அன்னையார் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மைல்கல்லின்மேல் அமர்ந்திருந்த காட்சி இன்றும் நம் கண்முன் நிற்கிறது. அவர் ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. அதுவே நமக்கு அதிக வருத்தம் தந்தது.

இத்தகைய வேளையில் இரண்டு தவறுகளைச் செய்யலாகாது. சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்ந்த நீரை ஊற்றவுங் கூடாது. உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிப்பு விடலாம். எஞ்சின் தானாக ஆறும்வரை பொறுத்திருப்பதே முறை.

வண்டியை இழுத்து வந்து, நம் காரைத் தொடக்கமுதல் கவனித்துவரும் மேஸ்திரியிடம் ஒப்படைத்தோம். குளிர்நீரைச் சுழலவைக்கும் பம்பு பழுதாகி, எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறி, சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன்கீழுள்ள பகுதிக்கும் இடையே இருக்கும் ‘கேஸ்கெட்’ கருகிவிட்டிருந்தது. எண்ணெயில் நீர் கலந்து பாலேடு போல வெளுத்திருந்ததை அவர் நமக்குக் காட்டினார். சிலிண்டர் ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பிச் சமன்படுத்த வேண்டும். பம்பு, கேஸ்கெட், ரேடியேட்டர், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகப் போட வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய் ஆகும் என்றார்.

அப்போதுதான் அயலார் சுண்டைக்காய்ப் பழமொழியைக் கூறினர்.

தவறான கேள்வி எது?

பழுதுச் செலவைக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதே முதல் தவறு. காரை விற்பதற்காகவா வைத்திருக்கிறோம்? ஓட்டுவதற்காக அன்றோ? விற்பனை விலை என்பது சந்தையில் பிறர் அதற்குத் தரும் மதிப்பு. நமக்கு அது செய்யும் பணியின் மதிப்பு வேறு. பழைய தையல் இயந்திரத்தை விற்றால் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும். அதனால் ஒரு குடும்பமே பிழைக்கிறது என்றால் அதன் மதிப்பு சில நூறு ரூபாயா?

இதுவரை செலவிட்ட தொகையைக் கணக்கிற் சேர்ப்பது இரண்டாவது தவறு. “போன ஆண்டுதானே கிளட்ச் மாற்றினோம், நான்கு டயரும் புதிது. இப்போது விட்டால் அவ்வளவும் வீணாகுமே” என்று எண்ணுகிறோம். போன பணம் போனதுதான். காரை வைத்திருந்தாலும் அது திரும்பாது, விட்டாலும் திரும்பாது. இனி வரப்போகும் செலவையும் இனி வரப்போகும் பயனையுமே எடைபோட வேண்டும்.

அங்ஙனமாயின் சரியான கேள்வி யாது? “இச்செலவைச் செய்தால் இன்னும் எத்தனை ஆண்டு அச்சமின்றி ஓடும்? அவ்வாண்டுகளுக்கு வேறு வழியிற் போய்வர எவ்வளவு ஆகும்?” என்பதே.

மேஸ்திரியிடம் இதையே கேட்டோம். “சார், மற்ற எல்லாம் திடமாக இருக்கின்றன. கம்ப்ரெஷன் பார்த்துவிட்டேன், நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் இருக்கின்றன. அடித்தகடு சுத்தம். கவனமாக ஓட்டினால் நாலைந்து வருடத்துக்குப் பயமில்லை” என்றார்.

பின்னர் மற்றொரு பக்கத்தையும் கணக்கிட்டோம். புதிய காருக்காக 5 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். ஐந்து ஆண்டு முடிவில் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை 6,22,000 ரூபாய்க்கு மேல். அதில் வட்டி மட்டும் 1,22,000 ரூபாய்க்கு அதிகம். தவணை முடிந்தபின் ஒரு கார் நமதாக நிற்கும் என்பது மெய்யே. ஆனால் அந்தக் காரும் அப்போது ஐந்து வயதுப் பழைய காராகவே நிற்கும். காப்பீட்டுக் கணக்கிலேயே ஐந்தாம் ஆண்டில் ஒரு காரின் மதிப்பிற் சரிபாதி தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது.

பழுதுபார்க்கத் தீர்மானித்தோம். மேஸ்திரி கூறியது போலவே கார் ஓடியது. அவ்வாண்டு நவம்பரில் 15 ஆண்டுப் பதிவு முடிந்தபோது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் காட்டி மேலும் 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏற்பட்ட இதர பெரும் பழுதுகளுக்கு 24,000 ரூபாய் ஆயிற்று. முன்னைய 18,000 ரூபாயையும் சேர்த்து 42,000 ரூபாய். மாதத்திற்கு 700 ரூபாய். சுண்டைக்காய்க்குச் சுமைகூலி அதிகமாகவில்லை.

தேய்மானமும் மூப்பும்

பழுதுச் செலவுகள் எல்லாம் ஒரு வகையின அல்ல. இதை அறியாதவர்களே விரைந்து முடிவெடுத்துப் பின்னர் வருந்துகிறார்கள்.

டயர், பாட்டரி, பிரேக் கட்டைகள், கிளட்ச் பிளேட், எண்ணெய், வடிகட்டிகள் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ள பொருள்கள். புதிய காரிலும் இவை தேயும். புதிய காருக்கும் இவற்றை மாற்றியாக வேண்டும். ஆகவே, நான்கு டயர் மாற்றிய மாதத்தில் “இந்தக் கார் பணத்தைத் தின்கிறது” என்று சலித்துக்கொள்வது நியாயமன்று. இவற்றைக் காரின் குற்றமாக எழுதலாகாது.

மூப்பினால் வருபவை வேறு. வெளியேறும் புகையைப் பார்த்தே ஓரளவு அறியலாம். நீலம் படர்ந்த புகை, எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது என்பதற்கு அடையாளம். பிஸ்டன் வளையங்களோ வால்வுகளின் தடுப்புகளோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நில்லாது வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது எனலாம். பெட்ரோல் காரிற் கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். கரும்புகை பெரும்பாலும் எளிதில் தீரும். மற்ற இரண்டும் பெருஞ்செலவு தருபவை. ஆயினும் இவை யாவும் மாற்றத்தக்க உறுப்புகளின் பழுதுகளே.

மூப்பின் உண்மையான அடையாளம் ஒரு பெரிய செலவு அன்று. பழுதுகளுக்கு இடையிலுள்ள காலம் குறுகிவருவதே. குறிப்பேட்டைப் புரட்டியபோது இது நமக்குத் தெளிவாயிற்று. 2019, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் வழியில் நின்றது ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. 2022ஆம் ஆண்டில் ஐந்து முறை நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் செலவு சிறியதே: ஒருமுறை 900 ரூபாய், ஒருமுறை 1,400 ரூபாய். சிறிய தொகைகள் ஆதலால் நாம் கவனிக்கவில்லை. எழுதி வைத்த தாளே நம் கண்ணைத் திறந்தது.

ஓட வைக்க முடியும் என்பதால் மட்டுமா?

“எந்தக் காரையும் ஓட வைக்கலாம், மனமிருந்தால் போதும்” என்று கூறுவோர் உண்டு. அவர்கள் கூறுவது பொய்யன்று. கியூபா நாட்டிற்கு 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னும், 1962ஆம் ஆண்டு அமெரிக்கா விதித்த வாணிபத் தடைக்குப் பின்னும் புதிய அமெரிக்கக் கார்கள் வரவில்லை. அந்நாட்டு மக்கள் 1950களில் வந்த கார்களையே வேறு வண்டிகளின் டீசல் எஞ்சின்களைப் பொருத்தியும், கிடைக்காத உறுப்புகளைத் தாமே செய்துகொண்டும் பல பத்தாண்டுகள் ஓட்டிவந்திருக்கிறார்கள். கைத்திறனும் தேவையும் இருந்தால் காருக்கு முடிவு என்பதே இல்லை போலும்!

நம் நாட்டிலும் அப்படியொரு காலம் இருந்தது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரைப் பழுதுபார்க்க அறியாத பட்டறை அந்நாளில் இல்லை. சாலையோரத்து மரத்தடியிலேயே எஞ்சினைக் கழற்றி மாட்டுவார்கள். உதிரி உறுப்பு எங்கும் கிடைக்கும். சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகள் தெருத்தெருவாகக் குவிந்திருக்கும். ஆயினும் மும்பை நகரின் அடையாளமாகவே விளங்கிய பிரீமியர் பத்மினி வாடகைக் கார்கள், 20 ஆண்டு வயது வரம்பின் காரணமாக, 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியோடு அந்நகரச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. மக்கள் அவற்றை நேசித்தார்கள். ஓட வைக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். எனினும் எதற்கும் ஓர் எல்லை வகுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே “ஓட வைக்க முடியுமா?” என்பது மேஸ்திரி விடைகூற வேண்டிய கேள்வி. “நம் குடும்பத்தை இதில் ஏற்றலாமா?” என்பது நாம் விடைகூற வேண்டிய கேள்வி.

தரை கரைந்தபோது

2023ஆம் ஆண்டு செப்டம்பரில், பதிவைப் புதுப்பிக்கும் முன் காரை மேஸ்திரியிடம் முழுமையாகச் சோதிக்கக் கொடுத்தோம். மாலையில் அழைத்தார். வண்டியை உயரே தூக்கி நிறுத்தியிருந்தார். “கீழே வந்து பாருங்கள், சார்” என்றார்.

கையிலிருந்த திருப்புளியால், பின்சக்கரத்தின் கை உடற்கூட்டோடு சேரும் இடத்தில் மெல்லக் குத்தினார். திருப்புளி அப்பளத்திற் குத்தியது போல உள்ளே சென்றது. சிவந்த துருப்பொடி நம் தோள்மீது உதிர்ந்தது. கதவுகளுக்கு அடியிலுள்ள நீர்வடி துளைகள் பல ஆண்டுகளாக மண்ணால் அடைபட்டு, மழைநீர் தேங்கித் தகட்டை உள்ளிருந்தே அரித்திருக்கிறது. மேலே விரிப்பு, வெளியே வண்ணப்பூச்சு. கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக் எண்ணெய் செல்லும் உலோகக் குழாயிலும் துரு ஏறியிருந்தது.

லாரிக்கு இருப்பது போல் இத்தகைய சிறு கார்களுக்குச் ‘சேசிஸ்’ எனப்படும் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூட்டின் தகடுகளே சட்டமாகவும் நின்று எல்லா எடையையும் தாங்குகின்றன. மோதல் நேர்ந்தால் உள்ளிருப்போரைக் காப்பதும் அத்தகடுகளே. எஞ்சின் பழுதானால் வண்டி நிற்கும். தரைத்தகடு பழுதானால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வேகத்தில், ஒரு வளைவில் கைவிடும்.

“எஞ்சின் கெட்டால் செய்து தருவேன், கியர்ப்பெட்டி கெட்டால் செய்து தருவேன். தரையே கரைந்துவிட்டால் எதன்மேல் நின்று வேலை செய்வது? இதற்குமேல் நான் கை வைக்கமாட்டேன், சார்” என்றார் மேஸ்திரி. இருபது ஆண்டுகளாக நம்மிடமிருந்து கிடைத்த வருவாயை அவர் அந்த ஒரு வாக்கியத்தால் இழந்தார் என்பதை நாம் மறக்கவில்லை.

செய்தியறிந்த நண்பர் ஒருவர் வேறொரு வழி கூறினார். “8,000 ரூபாய் கொடுத்தால் தகடு வைத்துப் பற்றவைத்து, மேலே கறுப்புப் பூச்சும் பூசித் தந்துவிடுவார்கள். பார்த்தால் புதிது போல இருக்கும்” என்றார். தாங்கும் இடம் திடமாக இருந்து ஓரத்தில் மட்டும் துரு இருந்தால் பற்றவைப்பது பயன் தரும். ஆனால் பற்றவைப்பதற்கே சுற்றிலும் நல்ல தகடு வேண்டுமன்றோ? அது நம் காரில் இல்லை. பூச்சு துருவை மறைக்கும், நிறுத்தாது.

ஐந்து ஆண்டுகளுக்குமுன் 18,000 ரூபாய்க்குத் தயங்காத நாம், 8,000 ரூபாய்க்கு மறுத்ததன் காரணம் இதுவே. முன்னது பணக்கணக்கு. அதிற் கூட்டலாம், கழிக்கலாம். பின்னது உயிர்க்கணக்கு. அங்கே எவ்வளவு குறைந்த தொகையும் மலிவு ஆகாது.

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தோம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை அவ்வாண்டு ஜூலை முதலும் நம் நாட்டிற் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. நம் பழைய காரில் இரண்டும் இல்லை. திடமான தகடு ஒன்றே அதன் பாதுகாப்பாக இருந்தது. அதுவும் போனபின் எஞ்சியது என்ன?

வாங்க வந்தவர்

காரை விடுவது என்று முடிவாயிற்று. ஆனால் விடுவதிலும் ஒரு சோதனை காத்திருந்தது.

அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒருவர் வந்தார். வெளித்தோற்றத்தைச் சுற்றிப் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், மிகவும் பிடித்துவிட்டது. 30,000 ரூபாய் தருவதாகக் கூறி முன்பணத்தையும் கையில் எடுத்தார். இரும்புக் கழிவாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடியது 17,000 ரூபாய். வித்தியாசம் 13,000 ரூபாய்.

துருவைப் பற்றி அவரிடம் கூறினோம். அவர் சிரித்தார். “அதை நான் பார்த்துக்கொள்கிறேன், சார். தூரப் பயணத்துக்கு இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரத்தான்” என்றார்.

அதைக் கேட்டபின் நம் நா எழவில்லை. உள்ளே இருந்த அன்னையார் வெளியே வந்து, “தம்பி, என்னை ஏற்றப் பயந்துதான் இவர்கள் இந்த வண்டியை விடுகிறார்கள். உன் பிள்ளைகளை ஏற்ற எப்படிக் கொடுப்பது?” என்று கேட்டார். அவர் சற்று வருத்தத்தோடுதான் திரும்பிச் சென்றார். கிடைக்கவிருந்த நல்ல பேரத்தை நாம் கெடுத்துவிட்டதாகவே அவர் எண்ணியிருக்கக்கூடும்.

குறையைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று வாதிடலாம். ஓடத்தக்க காரை, குறைகளை ஒளிக்காமற் சொல்லி விற்பது நேர்மையான வாணிபமே. வாங்க வசதியற்ற ஒரு குடும்பத்திற்கு அதனால் நன்மையும் உண்டு. ஆனால் நம் குடும்பத்தை ஏற்றத் துணியாத ஒன்றைப் பிறர் குடும்பத்திற்கு விற்பது அவ்வகையிற் சேருமா? வாசகர்களே தீர்ப்புக் கூறட்டும்.

காரைக் கழிவாக ஒப்படைத்தோம். பதிவையும் ரத்துசெய்து முறைப்படுத்திக்கொண்டோம்.

கவனிக்க வேண்டிய சில

நம்மைப் போன்ற நிலையில் இருக்கும் குடும்பத்தாருக்குப் பயன்படும் சில செய்திகளைத் தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, செலவுச் சீட்டு கையில் இருக்கும் நாளில் முடிவெடுக்க வேண்டாம். கோபமும் அவசரமும் அன்று நம்மை ஆளும். ஆண்டுக்கு ஒருமுறை, கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை உயரே தூக்கி அடிப்பகுதியைச் சோதிக்கச் செய்யுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் வாழ்வோர் உப்புக்காற்றின் காரணமாக இதில் இன்னும் கருத்தாயிருத்தல் நலம். கதவடித் துளைகளை மண் அடையாமற் காப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. நாம் அதை அறியாதிருந்தோம்.

இரண்டாவது, எழுதி வையுங்கள். நினைவு எப்போதும் பெரிய செலவையே கூறும். தாள் உள்ளதைக் கூறும்.

மூன்றாவது, பதிவுக் கட்டணத்தையும் கணக்கிற் சேருங்கள். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. பசுமை வரியும் உண்டு.

நான்காவது, எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளது. அதற்கென அமைக்கப்படாத பழைய வண்டிகளில் எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களும் அடைப்புகளும் விரைவிற் கெடக்கூடும். கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது நலம்.

ஐந்தாவது, விற்பதானால் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ, அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளி என்று 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. “விற்றுவிட்டேன்” என்ற சொல் மட்டும் காவாது. கழிவாகக் கொடுப்பதானால், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்திற் கொடுத்து வைப்புச் சான்றிதழ் பெறுங்கள். புதிய வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்கும், மாநில அரசு அளிக்கும் அளவிற்குச் சாலைவரிச் சலுகையும் அதனால் கிடைக்கும்.

ஆறாவது, பழைய கார் போனவுடன் புதிய கார் வந்தாக வேண்டும் என்பது சட்டமன்று. நாம் ஓராண்டு பொறுத்துப் பார்ப்போம் என்று எண்ணினோம். மாதம் ஒருமுறை மதுரைக்கு வாடகைக் கார், உள்ளூருக்கு ஆட்டோ. மாதத்திற்குச் சுமார் 3,500 ரூபாய் ஆகிறது. மாதத் தவணையில் மூன்றில் ஒரு பங்கே. அந்த ஓராண்டு இன்றளவும் நீண்டுகொண்டிருக்கிறது. அடிக்கடி தொலைதூரம் செல்வோருக்கு இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

முடிவாக

இழப்பு இல்லை என்று கூறமாட்டோம். “வாடகை வண்டியில் போகும்போது, ‘சற்று நிறுத்துங்கள், பதநீர் குடிக்கலாம்’ என்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது” என்று அன்னையார் அண்மையிற் கூறினார். தந்தையார் ஓட்டிய நாள்களில் சாலையோரப் பனையடியில் நிறுத்தாமற் சென்றதில்லை. அந்த இன்பத்திற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஆயினும் அது மெய்யான இழப்பே. கார் கைவிட்டுப் போன அன்று அவர் முன்மூடியின்மேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். பிறகு உள்ளே சென்றுவிட்டார்.

அன்றிரவு தந்தையாரின் குறிப்பேட்டை எடுத்து, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி, “ஒப்படைக்கப்பட்டது. வரவு 17,000 ரூபாய்” என்று குறித்து மூடினோம். அவர் இருந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பார் என்று வாசகர்கள் கேட்கலாம். 30,000 ரூபாயை வாங்கியிருக்கமாட்டார் என்பது மட்டும் நமக்கு உறுதி.

உங்கள் வாசலிலும் ஒரு பழைய கார் நிற்கக்கூடும். அதன் விலை என்ன என்று கேட்கும் அயலாருக்கு அஞ்சி விட்டுவிடாதீர்கள். இதுவரை கொட்டிய பணத்தை எண்ணிப் பிடித்துக்கொண்டும் இராதீர்கள். தரை திடமாயிருக்கும்வரை, பழுதுகள் அருகிவரும்வரை, மனங்கோணாமற் செலவிடுங்கள். தரை இளகியது என்று நம்பத்தக்க ஒருவர் கூறிவிட்டால், எவ்வளவு குறைந்த செலவைக் காட்டினாலும் இரண்டாம் எண்ணம் வேண்டாம். அத்தகைய உண்மையைத் தம் வருவாய் போனாலும் கூறும் மேஸ்திரி ஒருவர் உங்களுக்கு வாய்த்திருந்தால், காரைவிட அவரைப் பெரிதாகப் போற்றுங்கள்.